ஓடும்போது கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க்: 6 வருடப் பறவைக் குரல் பதிவுகளை மீட்க முடியுமா?

கேள்வி

வணக்கம். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எனக்குத் தெரியாததால் நடந்ததை அப்படியே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

டிஸ்க் 2.5 அங்குலம், 1 டெராபைட், வெளியே வைத்து யூஎஸ்பியில் செருகும் வகை. அதில் ஏறக்குறைய 6 வருடமாக நான் விடியற்காலையில் எடுத்த பறவைக் குரல் பதிவுகள் இருக்கின்றன. தினமும் ஒரே இடம், ஒரே மைக், 20 நிமிடம். மழை நாளிலும் எடுத்திருக்கிறேன், மழைக்கு நடுவில் எந்தப் பறவை முதலில் வாய் திறக்கிறது என்பதும் எனக்கு வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, வேவ் ஃபைல்கள். ஒரு நாள் பதிவு 173 எம்பி. என் நோட்டுக் கணக்குப்படி மொத்தம் 2,174 பதிவுகள். ஃபைலின் பெயரே தேதியும் நேரமும்தான், வேறு எங்கும் நான் தேதி எழுதி வைக்கவில்லை.

16 நாளுக்கு முன் ஒரு வாரப் பதிவுகளைக் காப்பி செய்துகொண்டிருந்தேன். கேபிளில் கை பட்டு டிஸ்க் மேசையிலிருந்து தரையில் விழுந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. எடுத்து மறுபடி செருகினேன், திறந்தது, காப்பியும் முடிந்தது. தப்பித்தோம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றியிருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு ஃபோல்டர் திறக்கவே 3, 4 நிமிடம் ஆனது. முந்தாநாள் செருகியதும், டிரைவைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க் கருவியை ஓட்டினேன். 11 சதவீதத்தில் 40 நிமிடம் அசையாமல் நின்றது. பயந்துபோய் நிறுத்தி, கேபிளைக் கழற்றிவிட்டேன். கடைசியில் கவனித்தபோது தட்டு சுற்றும் சத்தத்துக்கு நடுவே அவ்வப்போது ஒரு டிக் கேட்டது.

வேறு நகல் இல்லை. ரெக்கார்டருக்கு 4 மெமரி கார்டுகளை வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போடுவேன். காப்பி செய்ததும் கார்டை ஃபார்மட் செய்துவிடுவது வழக்கம். அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்? ஃபைல்கள் வந்தாலும் பெயர்கள் வருமா? தேதி தெரியாத பதிவு எனக்குப் பாதிப் பதிவுதான்.

முதல் பதில்

கழற்றினீர்கள் அல்லவா, அப்படியே இருக்கட்டும். திறக்கிறதா என்று பார்ப்பதற்காக இன்னொரு முறை செருக வேண்டாம்.

இரண்டு கேள்விகள். டிக் சத்தம் கடிகாரம் போலச் சீராக வருகிறதா, எப்போதாவது ஒன்று வருகிறதா? விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அளவு எவ்வளவு என்று காட்டியது? யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மின்சாரம் போதாமல்கூட டிஸ்க் டிக் அடிக்கும். சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடியில் அது நிறைய இழுக்கும், யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லியாம்பியர்தான்.

கேள்வி கேட்டவர்

ஹப் இல்லை, லேப்டாப்பில் நேராகத்தான். வேறு சின்ன கேபிளிலும் ஒரு முறை பார்த்துவிட்டேன், அதே நிலைதான். டிக் சீராக இல்லை, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு. அளவு 931 ஜிபி என்று காட்டியது.

இரண்டாம் பதில்

931 என்று சரியாகக் காட்டுகிறது, டிக்கும் சீராக இல்லை. இந்த இரண்டையும் படித்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது (1 டெராபைட்டை விண்டோஸ் 931 என்றுதான் காட்டும்). உங்கள் டிஸ்க்கின் ஹெட் (தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் முனை) காயப்பட்டிருக்கலாம், ஆனால் இன்னும் படிக்கிறது. இந்த நிலை எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தை எதற்குச் செலவழிக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

உள்ளே ஹெட் தட்டைத் தொடுவதில்லை. சுற்றும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் அதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. ஓடும்போது விழுந்தால் அது தட்டை உரசிவிடும். உரசிய இடத்தில் துகள் கிளம்பும், பிறகு அந்தத் துகளே மற்ற இடங்களைக் கெடுக்கும். விழுந்த அன்று நன்றாகத் திறந்த டிஸ்க் இரண்டு வாரத்தில் இப்படி ஆனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

செக்டிஸ்க்கை நீங்கள் நிறுத்தியது நல்லது. அது ஃபைல் அமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவி. படிக்க முடியாத குறிப்புகளை அழித்துவிட்டு மிச்சத்தைச் சீர் செய்யும். உங்களுக்கு வேண்டியதே அந்தக் குறிப்புகள்தான், ஃபைல்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.

நான் 16 வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் என் அக்காவின் டிஸ்க் இதே நிலையில் வந்தது. மீட்பு மென்பொருள் ஒன்றை நேராக அதன் மேல் ஓடவிட்டுத் தூங்கப் போனேன். அந்த மென்பொருள் கெட்டுப்போன அதே இடத்தை இரவு முழுக்கத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்திருக்கிறது. காலையில் டிஸ்க் சீராக டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. குழந்தைகளின் படம் ஒன்றுகூட வரவில்லை. முந்தின நாள் மாலை அந்த டிஸ்க் படிக்கக்கூடியதாக இருந்தது, அதை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஓடும்போது விழுந்த டிஸ்க்கை முறையான மீட்புக் கூடத்துக்கு அனுப்புவதுதான் பாதுகாப்பு. உங்களால் முடியுமென்றால் இப்போதே அனுப்புங்கள், வீட்டில் முயன்று பார்த்துவிட்டு அல்ல. தூசியில்லாத அறையில் மட்டும்தான் திறப்பார்களா, முதலில் முழு நகல் எடுப்பார்களா, பணம் கேட்கும் முன் மீட்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். சாதாரண மேசையில் வைத்துத் திறந்து பார்க்கிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே என்றால் ஒரே ஒரு முயற்சி. ஃபைல்களைத் தேட வேண்டாம், முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். அதற்கு க்னூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. சாதாரணக் காப்பி கெட்ட இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போய் நல்ல இடங்களை முதலில் அள்ளிவிடும், கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எதை எடுத்தோம், எது பாக்கி என்பதை மேப் ஃபைல் ஒன்றில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் டிஸ்க் மறைந்து போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

விண்டோஸில் வேண்டாம், செருகியவுடனேயே அது டிஸ்க்கைத் துழாவ ஆரம்பித்துவிடும். லினக்ஸை லைவ் யூஎஸ்பியிலிருந்து (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து) எழுப்புங்கள், செருகிய டிஸ்க்கைத் தானாகத் திறக்கும் (மவுன்ட்) வசதியை அணையுங்கள். நகலை வாங்கிக்கொள்ள 2 டெராபைட் டிஸ்க் ஒன்று வேண்டும். மேப் ஃபைலும் அந்த நல்ல டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். லைவ் லினக்ஸின் நினைவகத்தில் விட்டால் அணைத்ததும் போய்விடும். எது மூலம், எது நகல் என்பதைச் சீரியல் எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் பதிவுகளின் மேல் எழுதப்படும், அதற்குப் பிறகு எந்தக் கூடத்துக்குப் போயும் பயனில்லை. முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்ட வேண்டாம் என்ற விருப்பத்தைக் கொடுங்கள். அது முடிந்த பிறகு மறுமுயற்சிச் சுற்றுகள்.

டிஸ்க்கின் உறையைப் பிரிக்காதீர்கள். இந்த வகையில் பலவற்றில் யூஎஸ்பி வாய் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிரித்தாலும் வேறு விதமாகச் செருக முடியாது. சமதளத்தில் வையுங்கள், பக்கத்தில் சின்ன விசிறி ஓடட்டும். டிக் சீராக மாறினால் அந்த நிமிடமே கழற்றுங்கள், பிறகு கூடம்தான்.

மூன்றாம் பதில்

ஃப்ரீசர் முறையை யாரும் சொல்லவில்லையே? பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு இரவு வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இரண்டாம் பதில் எழுதியவர்

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இதற்கு வேண்டாம் நண்பரே. பழைய டிஸ்க்குகளில் ஹெட் தட்டின் மேலேயே இறங்கி ஓய்வெடுக்கும், சில சமயம் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் யாருக்கோ பலித்திருக்கலாம். இவருடையது ஒட்டிக்கொள்ளவில்லை, சுற்றுகிறது. குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தால் அதன் மேல் ஈரம் படியும், ஹெட் மிதக்கும் உயரத்துக்கு முன்னால் அந்த ஈரத் துளி ஒரு மலை.

நான்காம் பதில்

நானும் வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்கிறவன். உங்கள் கேள்வியில் இரண்டு இடங்கள் எனக்கு நம்பிக்கை தருகின்றன.

முதலாவது அந்த 4 கார்டுகள். ரெக்கார்டரில் ஃபார்மட் செய்யும்போது பெரும்பாலும் அட்டவணை மட்டும்தான் புதிதாகிறது, ஒலி அப்படியே கிடக்கும். டிஸ்க் விழுந்த அன்று எந்தக் கார்டிலிருந்து காப்பி செய்தீர்கள்? அது மறுபடி ரெக்கார்டருக்குள் போகவில்லை என்றால் அந்த வாரம் முழுக்க அதில் இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாக் கார்டிலும் எழுதாமல் தடுக்கும் சின்னப் பொத்தானைத் தள்ளி எடுத்து வைத்துவிட்டு, ரெக்கார்டருக்குப் புதுக் கார்டு போடுங்கள்.

இரண்டாவது, பெயர் போனாலும் தேதி போயிருக்காது. பல ஃபீல்ட் ரெக்கார்டர்கள் எழுதுவது பிராட்காஸ்ட் வேவ். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வகுத்த வடிவம் அது. ஃபைலின் தலைப்பகுதியில் பெக்ஸ்ட் என்ற துண்டு இருக்கும். பதிவு தொடங்கிய தேதிக்கு 10 எழுத்து, நேரத்துக்கு 8 எழுத்து இடம் அதில் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் புதுப் பதிவு ஒன்றைத் திறந்து பாருங்கள். அதில் தேதி இருந்தால் பழையவற்றிலும் இருக்கும்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன். தேதியும் நேரமும் இருக்கின்றன! விழுந்த அன்று செருகியிருந்த கார்டும் இன்னும் வரிசையில்தான் இருக்கிறது, அடுத்த வாரம் அதன் முறை வந்திருக்கும். எல்லாவற்றையும் பூட்டி எடுத்து வைத்துவிட்டேன்.

கேள்வி கேட்டவர், 6 நாள் கழித்து

மீட்புக் கூடத்துக்கு இப்போதைக்கு என்னால் அனுப்ப முடியவில்லை. தங்கை மகன் லினக்ஸ் தெரிந்தவன், அவனோடு உட்கார்ந்து டிடிரெஸ்க்யூ ஓட்டினோம். சீரியல் எண்ணை மூன்று முறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் என்டர் அழுத்தினான். நல்ல டிஸ்க்கில் 3 மணி நேரத்தில் முடியும் வேலையாம், எங்களுக்கு முதல் சுற்றே 31 மணி நேரம். நடுவில் இரண்டு முறை டிஸ்க் மறைந்தது, கழற்றி ஆறவிட்டுத் தொடர்ந்தோம். மறுமுயற்சிகளுக்குப் பிறகு 286 எம்பி மட்டும் படிக்க வரவில்லை. டிக் இப்போது அடிக்கடி வருவதால் நிறுத்திவிட்டோம். இந்த 286 எம்பி எந்தப் பதிவுகளில் விழுந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டாம் பதில் எழுதியவர்

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள், இனி எல்லா வேலையும் நகலில்தான்.

படிக்க முடியாத இடங்கள் நகலில் பூஜ்ஜியமாக இருக்கும். டிடிரெஸ்க்யூவிலேயே நிரப்பும் முறை ஒன்று உண்டு. மேப் ஃபைலைப் பார்த்து, நகலில் கெட்ட இடங்களில் மட்டும் நீங்கள் கொடுக்கும் ஒரு சொல்லை எழுதிவிடும். எந்த ஒலியிலும் தற்செயலாக வராத சொல்லாகக் கொடுங்கள். பிறகு ஃபைல்களை வெளியே எடுத்து அந்தச் சொல்லைத் தேடினால் ஓட்டை விழுந்த பதிவுகள் எவை என்று பட்டியலே கிடைத்துவிடும். திருத்தாத நகல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல்களை எடுக்க முதலில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி, அது பெயரோடு தரும். விடுபட்டதற்கு மட்டும் ஃபோட்டோரெக் என்ற இன்னொரு கருவி. பெயரைப் பார்த்துப் புகைப்படத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், வேவ் ஃபைலையும் அதன் தலைப்பை வைத்து அடையாளம் காணும்.

ஓட்டை என்றதும் கலங்க வேண்டாம். உங்கள் ஒலி விநாடிக்கு 1,44,000 பைட். 4,096 பைட் கொண்ட ஒரு செக்டர் (டிஸ்க் ஒரே தடவையில் படிக்கும் சின்னத் துண்டு) போனால் இழப்பு 28 மில்லிவிநாடி. சுருக்காத வேவில் எடுத்ததால்தான் இது. சுருக்கிய கோப்பாக இருந்தால் அதே செக்டர் நிறையத்தைக் கெடுத்திருக்கும்.

கேள்வி கேட்டவர், இன்னும் 3 நாள் கழித்து

டெஸ்ட்டிஸ்க் 1,958 பதிவுகளைப் பெயரோடு கொடுத்தது. ஃபோட்டோரெக்கில் பெயரில்லாமல் 211 வந்தன. அவற்றின் தேதிகளை பெக்ஸ்ட் துண்டிலிருந்து படித்து, தங்கை மகன் எழுதிய சின்ன நிரல் பழையபடி பெயர் வைத்துவிட்டது. ஓட்டை விழுந்தவை 37. ஒன்றைப் போட்டுக் கேட்டேன். குயில் கூவி ஏறும் இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

நோட்டோடு ஒப்பிட்டால் 5 நாள் குறைந்தது. அதில் 3 நாள் டிஸ்க் விழுந்த வாரம், அவை கார்டில் முழுசாக இருந்தன. மிச்சம் 2 நாள், இரண்டும் மூன்றாவது வருடத்தில் அடுத்தடுத்த நாட்கள். அவை எங்கேயும் இல்லை. நோட்டில் ஒரு நாளுக்கு என் கையெழுத்தில் "இரவு முழுக்க மழை, 5:41க்கு விட்டது, முதல் குரல் 5:43" என்று இருக்கிறது. அந்த முதல் குரல் எதனுடையது என்று எழுதாமல் விட்டிருக்கிறேன், பதிவில் கேட்டுக்கொள்ளலாம் என்று.

நான்காம் பதில் எழுதியவர்

இன்னும் கைவிட வேண்டாம். தலைப்பு இருந்த செக்டர் கெட்டுப்போயிருந்தால் ஃபோட்டோரெக்குக்கு அது வேவ் என்றே தெரியாது. ஆனால் ஒலி இருக்கும் உடம்புப் பகுதி அங்கேயே கிடக்கலாம். ஃபோட்டோரெக்கை முழு நகலின் மேலும் ஒரு முறை ஓட்டுங்கள். அது வைக்கும் பெயரில் உள்ள எண், ஃபைல் தொடங்கும் செக்டர். அந்த 2 நாளுக்கு முந்தின நாளும் பிந்தின நாளும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நடுவில் 346 எம்பி அளவுக்கு எந்த ஃபைலுக்கும் சொந்தமில்லாத இடம் இருந்தால் அதை மட்டும் தனி ஃபைலாக வெட்டுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தக் கருவியில் கச்சா ஒலியாக இறக்குமதி செய்யும் வசதி இருக்கிறது. 24 பிட், லிட்டில் எண்டியன், மோனோ, 48,000 என்று கொடுங்கள். ஒலியின் ஒவ்வொரு மாதிரியும் (சாம்பிள்) 3 பைட் என்பதால் தொடங்கும் இடம் ஒரு பைட் தவறினாலும் வெறும் இரைச்சல்தான் கேட்கும். தொடக்கத்தை 0, 1, 2 என்று மாற்றிப் பாருங்கள், மூன்றில் ஒன்று சரியாக வரும்.

கேள்வி கேட்டவர்

இடைவெளி நீங்கள் சொன்ன அளவிலேயே இருந்தது. 0 கொடுத்தபோது காதைக் கிழிக்கும் இரைச்சல். 1 கொடுத்தபோதும் அதே. 2 கொடுத்தேன், மழை பெய்தது.

தொடக்கத்தில் ஒன்றரை விநாடி இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது. மழை விட்டு இரண்டு நிமிடம் இலைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும், அப்புறம் அந்த முதல் குரல். செம்போத்து. நோட்டில் விட்டுப்போன இடத்தில் இப்போதுதான் எழுதினேன்.